பிராத்தல் கேஸ்: 2022 உத்தரவுக்கு அப்புறமும் மதுரைப் பதிப்பில் ஏன் இத்தனை ரெய்டு செய்தி?

#1 மாசிவீதி
2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தப்ப ‘பாலியல் தொழில் சட்டப்படி செல்லும்’னு கொட்டை எழுத்துல போட்டாங்க. அதே பேப்பரோட மதுரைப் பக்கத்தைத் திருப்புனா ‘லாட்ஜில் விபச்சாரம்: 3 அழகிகள் மீட்பு, புரோக்கர் கைது’. இன்னைக்கும் அதேதான். எனக்கு மூணு சந்தேகம். இது குற்றமா, இல்லையா? குற்றம் இல்லைன்னா ‘மீட்ட’ பொண்ணைக் காப்பகத்துல ஏன் பூட்டி வைக்கிறாங்க? இந்தச் சட்டம் எங்கிருந்து வந்துச்சு? கேள்விப்பட்ட கதை வேண்டாம். சட்டமும் நடைமுறையும் தெரிஞ்சவங்க எழுதுங்க.

#2 நெறியாளர்
ஆள் பெயர், லாட்ஜ் பெயர், இன்ன தெருவில் இன்ன வீடு எதுவும் வேண்டாம். ‘பாலியல் தொழிலாளி’ என்றே எழுதுங்கள். சட்ட வாசகத்தைச் சொல்லும் இடத்தில் மட்டும் பழைய சொல் இருக்கட்டும்.

#3 ஒத்தக்கடை
மாசிவீதி, முதல் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. வயது வந்த ஒரு பெண், தன் இஷ்டத்தில், தனியாக, தன் அறையில் காசு வாங்கிக்கொண்டு உறவு வைத்துக்கொண்டால் அதற்கென்று தண்டனைப் பிரிவு இல்லை. அவளைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றுக்கும் பிரிவு இருக்கிறது. 1956-இல் போட்டு 1978-லும் 1986-லும் திருத்திய விபச்சாரத் தடுப்புச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்.

2ஆம் பிரிவு பிராத்தலுக்கு விளக்கம் சொல்கிறது: வேறொருவர் ஆதாயத்துக்கோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாலியல் தொழிலாளிகளின் பரஸ்பர ஆதாயத்துக்கோ பயன்படும் வீடு, அறை, வண்டி, இடம். அந்த ‘பரஸ்பர’ என்ற சொல்லில்தான் மாட்டுவார்கள். வாடகையைப் பாதிப் பாதி போட்டு, ஒருத்திக்கு ஒருத்தி துணையாக இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் அது பிராத்தல். புரோக்கரே தேவையில்லை. நடத்துபவருக்கு 3ஆம் பிரிவில் முதல் தடவை 1 முதல் 3 ஆண்டு கடுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம். மறு தடவை 2 முதல் 5 ஆண்டு. தனியாக இருந்தால் ஆபத்து, துணை சேர்த்தால் குற்றம்.

4ஆம் பிரிவு, 18 வயதைத் தாண்டிய யாராவது அந்த வருமானத்தில் தெரிந்தே வாழ்ந்தால் 2 ஆண்டு வரை. கூடவே குடியிருக்கிறார் என்றாலே அதில்தான் வாழ்கிறார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. புரோக்கரைப் பிடிக்க எழுதிய பிரிவுதான். காலேஜ் போகிற 19 வயது மகனும், கண் தெரியாத அம்மாவும் அதே வலைக்குள் வந்துவிடுகிறார்கள்.

8ஆம் பிரிவு, ஆள் கூப்பிடுவது. பேச்சால், சைகையால், ஜன்னலோரம் உட்கார்ந்து, பால்கனியில் நின்று என்று விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். முதல் தடவை 6 மாதம் வரை, அல்லது 500 ரூபாய் அபராதம். இதே குற்றத்தை ஆண் செய்தால் 7 நாளில் தொடங்கி 3 மாதம் வரைதான். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்காதீர்கள்.

அடுத்து 10ஏ. 7 அல்லது 8ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்ட பெண்ணை, அந்தத் தண்டனைக்குப் பதிலாக, 2 முதல் 5 ஆண்டு வரை சீர்திருத்த இல்லத்தில் வைக்கலாம். 6 மாதம் ஜெயில் 2 வருட ‘சீர்திருத்தம்’ ஆகிவிடும். 1986-இல் சட்டத்தின் பெயரிலிருந்தே ‘பெண்கள், சிறுமிகள்’ என்பதை எடுத்தார்கள். ஆனாலும் 10ஏ பெண் குற்றவாளிக்கு மட்டும்தான்.

#4 கோரிப்பாளையம்
7ஆம் பிரிவு என்னன்னு சொல்லாம விட்டுட்டீங்களே அண்ணே.

#5 ஒத்தக்கடை
வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், விடுதி, மருத்துவமனை இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள கட்டடத்தில் நடந்தால் தொழிலாளிக்கும் வந்தவருக்கும் 3 மாதம் வரை. 8ஆம் பிரிவுபோல ஆள் கூப்பிடாமல், தனியாகத் தொழில் செய்யும் பெண்ணும் நேரடிக் குற்றவாளி ஆவது இதில் மட்டும்தான்.

மதுரையில் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் என்றால் சுமார் 31 ஏக்கர். ஒரு சின்னப் பிள்ளையார் கோவில் 31 ஏக்கரைக் காவல் காக்கிறது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கிய ஊரில் கோவிலோ பள்ளிவாசலோ பள்ளிக்கூடமோ நர்சிங் ஹோமோ இல்லாத 31 ஏக்கரை யாராவது காட்டட்டும். இதுபோக, போலீஸ் கமிஷனரோ மாஜிஸ்திரேட்டோ அறிவிக்கை மூலம் வேறு பொது இடங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். வைகைக்கு வடகரையில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கலாம். தென்கரையில் கிடைக்காது.

#6 ஏடும்எழுத்தும்
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

மதுரை என்றால் பேச்சைச் சங்ககாலத்தில் தொடங்குவது வழக்கம். மதுரைக்காஞ்சி ஊரின் இரவைச் சொல்லும்போது பரத்தையரையும் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் சுற்றிப் பார்க்கிற வீதிகளில் கணிகையர் வீதியும் உண்டு. அவர்கள் கலை கற்றவர்கள், அரண்மனை மதிப்பு பெற்றவர்கள். குறளோ 92ஆம் அதிகாரம் முழுவதும் வரைவின் மகளிரைக் கடிகிறது. ஆக ஒரு பக்கம் மதிப்பு, ஒரு பக்கம் வசை, இரண்டும் பழையவை. அந்த இலக்கியங்களில் இல்லாதது பதிவேடு. அதைத் திறந்தது வெள்ளைக்காரன்.

பட்டாளத்துச் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் பெருகியது. சிப்பாயைப் பரிசோதிப்பது அவன் கௌரவத்துக்கு இழுக்கு என்று பெண்ணைப் பிடித்தார்கள். 1868-இல் இந்தியாவுக்குத் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. பெயரைப் பதிய வேண்டும், சீட்டு வைத்திருக்க வேண்டும், குறித்த நாளில் உடற்பரிசோதனைக்குப் போக வேண்டும், நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் அடைப்பு. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் போன்றோர் போராடி அங்கே 1886-இல் இதை நீக்கினார்கள். இங்கே 1888-இல் நீக்கினார்கள். பெண்கள் பதிவுக்குப் பயந்து ஒளிந்துகொண்டார்கள், பரிசோதனைக்கு வராத ஆண்கள் நோயைப் பரப்பிக்கொண்டே இருந்தார்கள், நோய் குறையவில்லை. பின்னால் பேச்சு வரும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காற்று திசை மாறியது. நோய்த் தடுப்பு போய் ‘மீட்பு’ வந்தது. சென்னை மாகாணம் 1930-லேயே ஒழுக்கக்கேடான வியாபார ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ரெஸ்கியூ ஹோம், விஜிலன்ஸ் ஹோம் என்ற சொற்கள் அந்தக் காலத்துக் கைங்கரியம். 1950 மே 9-இல் நியூயார்க்கில் ஆள் கடத்தலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டது. அதற்காகவே 1956 சட்டம். 1958 மே 1 முதல் அமல். உழைப்பாளர் தினத்தில் அமலுக்கு வந்ததை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

#7 மாசிவீதி
ஐயா, பொட்டுக்கட்டுறதை விட்டுட்டீங்க. தேவதாசி ஒழிப்புல இருந்துதானே எல்லாம் ஆரம்பிச்சது?

#8 ஏடும்எழுத்தும்
வேண்டுமென்றேதான் விட்டேன். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால் இரண்டுமே புரியாமல் போகிறது. பொட்டுக்கட்டிய பெண்களுக்குக் கோவில் மானியம் இருந்தது, பெண்வழிச் சொத்து இருந்தது, தத்தெடுக்கும் வழக்கம் இருந்தது, இசையும் ஆட்டமும் தொழிலாக இருந்தது. அந்த அமைப்புக்குள் சுரண்டல் இருந்தது என்பதும் உண்மை. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார், மூவலூர் ராமாமிர்தம் மேடைமேடையாகப் பேசினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் மறுபக்கம் நின்று, எங்கள் எல்லாரையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள் என்று வாதாடினார்கள். அறநிலையச் சட்டத்துக்கு வந்த 1929 திருத்தம் மானிய நிலத்தை ஊழியக் கடமையிலிருந்து விடுவித்தது. 1947 சட்டம் பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கியது. அது வேறு வரலாறு, இது வேறு வரலாறு. இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்றுதான்: மாற்று வருமானத்துக்கு வழி செய்யாமல் கதவை மட்டும் மூடினால், அந்தப் பெண்கள் அடுத்த சட்டத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது.

#9 தெப்பக்குளம்
எல்லாரும் சட்டத்தைத் திட்டுவது சுலபம். 5, 6 ஆகிய பிரிவுகளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லையே. ஆள் பிடித்துக் கொண்டுவந்தால் 3 முதல் 7 ஆண்டு, விருப்பத்துக்கு மாறாக என்றால் 14 வரை, குழந்தை என்றால் ஆயுள் வரை. அடைத்து வைத்தால் 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 143-உம் 144-உம் சேர்ந்திருக்கின்றன. இந்தப் பிரிவுகள் இல்லாவிட்டால் கடத்தல்காரனை எதை வைத்துப் பிடிப்பீர்கள்?

கடத்தல் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி வாயைப் பொத்தி வேனில் தூக்கிப் போடுவது என்று நினைக்காதீர்கள். தென் மாவட்டங்களில் அது பெரும்பாலும் கடனில் தொடங்கும். மீட்டர் வட்டி, தண்டல், மகளிர் குழுத் தவணை, புருஷன் விட்டுப்போனது, திருப்பூரில் மில் வேலை, ஊட்டியில் வீட்டு வேலை என்று ஒரு ஏஜென்ட். போன இடத்தில் ‘முன்பணம்’ என்று ஒரு தொகை. சாப்பாடு, அறை, போலீசுக்கு, மேக்கப்புக்கு என்று கணக்கில் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. போனும் ஆதாரும் அவன் கையில். இந்த நாலு அடையாளத்தைப் பார்த்தால் அது ‘விருப்பம்’ இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-உம், கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-உம் இங்கே பொருந்தும். போலீஸ் அந்த இரண்டையும் எஃப்ஐஆரில் சேர்ப்பது அபூர்வம்.

#10 செல்லூர்
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. கடத்தலுக்கு உள்ள பிரிவை யாரும் எடுக்கச் சொல்லலை. ஆனா ரெய்டுல எழுதுற மகஜரை, அதாவது கைப்பற்றின பொருள் பட்டியலைப் படிச்சுப் பாருங்க. பணம் இவ்வளவு, செல்போன் இத்தனை, ‘ஆணுறை 12’. அந்த ஆணுறையைத் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வழியா அரசாங்கமே கொடுத்திருக்கும். ஒரு துறை கொடுக்கிறதை இன்னொரு துறை சாட்சியமா எடுத்துக்குது. அதனால பையில வச்சுக்கப் பயந்து ஒண்ணு, ரெண்டு மட்டும் வச்சுக்குவாங்க. மூணாவது ஆள் வர்றப்ப இருக்காது. நோய் பரவுறது இந்த இடத்துலதான்.

இந்தியாவுல எச்ஐவி முதன்முதலா தெரிஞ்சதே 1986-ல சென்னையில, டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் செஞ்ச பரிசோதனையில. ரத்தம் எடுத்தது காப்பகத்துல அடைச்சு வச்சிருந்த பெண்கள்கிட்ட. அவங்கதான் ஓட முடியாத இடத்துல இருந்தாங்க. விடுதலை தேதி முடிஞ்சும் நோய் இருக்குங்கிறதுக்காகவே சிலரை வெளியே விடாம வச்சிருந்து, வழக்குப் போட்ட பிறகுதான் விட்டாங்க.

நடைமுறைக்கு வருவோம். எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்துல இருக்கிறவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை, வருசத்துக்கு ரெண்டு தடவை எச்ஐவியும் சிபிலிசும். 60 பேருக்கு ஒரு களப்பணியாளர், அவங்களும் அதே தொழில்ல இருந்து வந்தவங்களா இருக்கணும். வேற ஆளைப் போட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. பெரியாஸ்பத்திரியில பால்வினை நோய்க்கு சுகவாழ்வு மையம், எச்ஐவிக்கு நம்பிக்கை மையம், மாத்திரைக்கு ஏஆர்டி மையம். ஆணுறை கிழிஞ்சாலோ பலாத்காரம் நடந்தாலோ 72 மணி நேரத்துக்குள்ள தடுப்பு மாத்திரை ஆரம்பிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா ரொம்ப நல்லது, 28 நாள் விடாம சாப்பிடணும். ராத்திரின்னா காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே போகலாம். தப்பு நடக்கிறது எங்கேன்னா பத்தாவது நாள்ல. குமட்டுதுன்னு நிறுத்திருவாங்க. நிறுத்தாம டாக்டர்கிட்ட போய் மாத்திரையை மாத்திக்கணும்.

#11 மாசிவீதி
அப்ப 2022 உத்தரவு ஆணுறையைப் பத்தி ஏதாவது சொல்லுதா?

#12 ஒத்தக்கடை
சொல்கிறது. அதற்கு முன் உத்தரவின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன், பத்திரிகைகள் குழப்பியது அங்கேதான்.

1999-இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். கொன்றவரின் மேல்முறையீட்டை 2011 பிப்ரவரியில் தள்ளுபடி செய்த சுப்ரீம் கோர்ட், அந்த வழக்கையே பொதுநல வழக்காக மாற்றி ஒரு குழு அமைத்தது. புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். குழு பல பரிந்துரைகள் கொடுத்தது. நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும் வரை அவை செல்லட்டும் என்று அரசியலமைப்பின் 142ஆம் கூறின் கீழ் 2022 மே 19-இல் மூன்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். ஆனால் எல்லாப் பரிந்துரைக்கும் அல்ல. சிலவற்றில் தனக்கு மாறுபட்ட கருத்து உண்டு என்று ஒன்றிய அரசு சொன்னது. ரெய்டில் பாலியல் தொழிலாளியைக் கைது செய்யக் கூடாது என்ற பரிந்துரை அந்த வகையில் சேர்ந்தது. பேப்பரில் தலைப்பு ஆனதும் அதுதான். ‘சட்டப்படி செல்லும்’ என்று உத்தரவில் எங்கும் இல்லை.

கட்டாயம் ஆனவை இவை. பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்ற எந்தப் பெண்ணுக்கும் உள்ள உடனடி மருத்துவ உதவி. காப்பகங்களைக் கணக்கெடுத்து, விருப்பமில்லாமல் வைத்திருக்கும் வயது வந்த பெண்களைக் காலக்கெடுவோடு விடுவிக்கும் ஏற்பாடு. போலீஸ் வாயாலும் கையாலும் வன்முறை செய்யாமல் இருக்கப் பயிற்சி. ரெய்டின்போது முகமும் பெயரும் வெளிவராதபடி பத்திரிகைகளுக்கு வழிகாட்டுதல். ஆணுறை உள்ளிட்ட பாதுகாப்புப் பொருளைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்பது. மகஜரில் ‘ஆணுறை 12’ என்று இன்றும் எழுதினால், ஜாமீன் மனுவிலேயே 2022 உத்தரவைக் காட்டி ஆட்சேபிக்கலாம்.

#13 கோரிப்பாளையம்
வீட்டை வாடகைக்கு விட்டவன் கதி என்ன? யார் உள்ள போறா, வர்றான்னு வீட்டுக்காரன் கண்கொத்திப் பாம்பா உட்கார்ந்திருக்க முடியுமா?

#14 ஒத்தக்கடை
வீட்டுக்காரருக்கு 3ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. ‘தெரிந்தே’ விட்டிருந்தால் முதல் தடவை 2 ஆண்டு வரை. தெரியாது என்று சொல்லித் தப்ப நினைப்பவர் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். இந்தச் சட்டப்படி சோதனை போட்டு இந்த இடம் பிடிபட்டது என்று அந்தப் பகுதியில் விற்கும் செய்தித்தாளில் வந்துவிட்டால், அல்லது சோதனையில் கிடைத்த பொருள்களின் பட்டியல் நகல் அவர் கைக்கு வந்துவிட்டால், அதற்கு மேல் அவருக்குத் தெரியும் என்றே சட்டம் அனுமானிக்கும். மாசிவீதி கேட்ட மதுரைப் பதிப்புச் செய்திக்கு இப்படி ஒரு சட்டப் பலனும் உண்டு.

18ஆம் பிரிவு வேறு. 200 மீட்டருக்குள் உள்ள இடம் என்றால் மாஜிஸ்திரேட் 7 நாள் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டுவிட்டுக் காலி செய்ய உத்தரவிடலாம். பிறகு ஒரு வருடத்துக்கு, குழந்தை மீட்கப்பட்டிருந்தால் மூன்று வருடத்துக்கு, அவர் அனுமதி இல்லாமல் மறுபடி வாடகைக்கு விட முடியாது. இதற்குப் பயந்து வீட்டுக்காரர்கள் செய்கிற காரியம் தெரிந்ததுதான்: தனியாக இருக்கிற பெண்ணுக்கும் திருநங்கைக்கும் வீடே கிடையாது. கிடைத்தால் இரட்டை வாடகை. சட்டம் யாரைக் குறிவைத்ததோ அவன் அறையை மாற்றிக்கொண்டு போய்விடுவான்.

#15 செல்லூர்
திருநங்கைகள்னா பிரிவு 8 வரைக்கும் கூடப் போறதில்லை. மதுரைக்கும் விரிவாக்கின நகரக் காவல் சட்டத்துல 75ஆம் பிரிவு, பொது இடத்துல ஒழுங்கீனம், அதை ஒரு பெட்டி கேஸா, அதாவது சின்ன வழக்காப் போட்டு அபராதம் கட்டச் சொல்லி அனுப்பிருவாங்க. பத்து தடவை கட்டினா பத்துப் பதிவு. வழக்கை எதிர்த்தா நாலு வாய்தாவுக்கு அலையணுமேன்னு கட்டிட்டுப் போறாங்க.

#16 ஒத்தக்கடை
செல்லூர் சொன்னது சரி. அதோடு குண்டர் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1982-இன் 14ஆம் சட்டத்தின் நீண்ட பெயரிலேயே கள்ளச்சாராயக்காரர்களோடு ‘ஒழுக்கக்கேடான வியாபாரக் குற்றவாளி’யும் ஒரு வகை. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை. காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும், 3 வாரத்தில் அறிவுரைக் குழுவுக்குப் போக வேண்டும். ஒத்தக்கடைப் பக்கம் உள்ள ஐகோர்ட் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுக்கள் ஜெயிப்பது பெரும்பாலும் இந்தத் தேதிகளில் ஒன்று தவறியதால், அல்லது கைதிக்குத் தெரிந்த மொழியில் ஆவணம் கொடுக்காததால்.

#17 தெப்பக்குளம்
ரெய்டு எப்படி நடக்க வேண்டும் என்று வக்கீல் சார் ஒரு தடவை எழுதிவிடுங்கள். மீட்புக்குப் போகிறவர்களுக்கே பாதி தெரிவதில்லை.

#18 ஒத்தக்கடை
எழுதுகிறேன். இதில் கோட்டை விடுவதால்தான் உண்மையான கடத்தல் வழக்கும் சேர்ந்து தோற்கிறது.

சோதனை போடுவதும் புலனாய்வும் இந்தச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட சிறப்புக் காவல் அதிகாரியின் வேலை. இன்ஸ்பெக்டர் பதவிக்குக் கீழே இருக்கக் கூடாது. சாதாரண எஸ்ஐ புலனாய்வு செய்தால் வழக்கு நிற்காது என்று 1960-களின் தொடக்கத்திலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வாரண்ட் இல்லாமல் நுழையலாம். ஆனால் ஏன் சந்தேகம், ஏன் வாரண்டுக்கு நேரமில்லை என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். திரும்பி வந்து எழுதினால் தேதியும் மணியும் காட்டிக் கொடுத்துவிடும். அக்கம்பக்கத்து மதிப்பான சாட்சிகள் இரண்டு பேராவது வேண்டும், ஒருவராவது பெண். அந்தப் பெண் மட்டும் வேறு பகுதியிலிருந்து வரலாம். எல்லா வழக்கிலும் அதே ஆட்டோக்காரரும் அதே டீக்கடைக்காரரும் சாட்சி என்றால் குறுக்கு விசாரணையில் பல் இளிக்கும். பெண் போலீஸ் இரண்டு பேராவது உடன் போக வேண்டும். விசாரிப்பதும் பெண் அதிகாரி, அவர் இல்லையென்றால் பெண் சமூகப் பணியாளர் முன்னிலையில்.

இரவில் பெண்ணைக் கைது செய்வது பற்றி: சூரியன் மறைந்த பின் கைது கூடாது, விதிவிலக்கு என்றால் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற வேண்டும். 2025 பிப்ரவரியில் மதுரைக் கிளை இது வழிகாட்டும் விதிதான், மீறியதாலேயே கைது செல்லாது ஆகாது என்று சொன்னது. அதற்காக விதியைக் காற்றில் விடலாம் என்று அர்த்தம் இல்லை. மீறிய அதிகாரி விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ஸ்பா, மசாஜ் நிலையங்களில் சிசிடிவி வைக்கச் சொன்ன ஒரு உத்தரவு 2021 டிசம்பரில் வந்தது. 2022 ஜனவரியில் அதே ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அந்தரங்க உரிமையைக் காட்டி, வெறும் சந்தேகத்துக்காக அப்படிச் செய்ய முடியாது என்றது.

#19 மாசிவீதி
வந்த ஆம்பளை? செய்தியில அவன் பேரே இருக்காது.

#20 ஒத்தக்கடை
7ஆம் பிரிவில் அவரும் வருவார். மற்றபடி ஐகோர்ட்டுகள் ஒத்துப்போகவில்லை. மசாஜ் நிலைய ரெய்டில் அகப்பட்ட ஒருவர் மேலிருந்த வழக்கை 2022-இல் சென்னை ஐகோர்ட் ரத்து செய்தது. 2025-இல் கேரள ஐகோர்ட், வருகிறவனை வாடிக்கையாளர் என்று சொல்வதே தவறு, பெண் ஒரு சரக்கு அல்ல, காசு கொடுப்பது அவளைத் தொழிலுக்குத் தூண்டுவது, எனவே 5ஆம் பிரிவு பொருந்தும் என்றது. வாளையாரைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது.

#21 தெப்பக்குளம்
கேரளாதான் சரி. சுவீடன் 1999 முதல் அதைத்தான் செய்கிறது: விற்பவளை விடு, வாங்குபவனைப் பிடி. தேவை குறைந்தால் கடத்தல் குறையும்.

#22 செல்லூர்
வாங்குறவனைப் பிடிச்சா அவன் வெளிச்சத்துக்கு வர மாட்டான். லாட்ஜுக்குப் பதிலா ரிங் ரோட்டுக்குக் கூப்பிடுவான். ஆள் எப்படின்னு பேசிப் பார்த்து முடிவு பண்ண அரை நிமிசம் கூடக் கிடைக்காது. அந்த அரை நிமிசம்தான் அவங்களோட பாதுகாப்பு. நியூசிலாந்து 2003-ல ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல, 60-க்கு 59, குற்றப்பட்டியல்ல இருந்தே எடுத்துருச்சு. அங்க நாலு பேர் வரைக்கும் சேர்ந்து ஒரு வீட்டுல இருந்தா நடத்துறதுக்கான சான்றிதழ் கூட வேண்டாம். நம்ம 2ஆம் பிரிவோட வச்சுப் பாருங்க.

#23 கோரிப்பாளையம்
பேசாம ஜெர்மனி மாதிரி லைசென்ஸ் குடுத்து, டெஸ்ட் எடுத்து, ஓர் இடத்துல வச்சுட்டா என்ன?

#24 ஏடும்எழுத்தும்
அது 1868. பதிவு, சீட்டு, பரிசோதனை. ஜெர்மனியில் 2017 முதல் பதிவு கட்டாயம். பேர் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்தவர்கள் அங்கேயும் பதியாமல் ஒதுங்குகிறார்கள். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிற ஒரு அம்மா, தன் பெயரைத் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் எழுதச் சம்மதிப்பாளா? லைசென்ஸ் என்பது லைசென்ஸ் இல்லாதவளைக் குற்றவாளி ஆக்குவது. பாலியல் தொழிலாளர் அமைப்புகள் கேட்பது குற்ற நீக்கம், உரிமம் அல்ல. பெல்ஜியம் 2022-இல் குற்ற நீக்கம் செய்து, 2024 டிசம்பரில் பேறுகால விடுப்பு, ஓய்வூதியம், ஆளை மறுக்கும் உரிமை எல்லாவற்றையும் தொழிலாளர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இங்கே தேசிய மனித உரிமை ஆணையம் 2020 அக்டோபரில் பாலியல் தொழிலாளரை முறைசாராத் தொழிலாளர் என்று ஒரு வரி எழுதியது, எதிர்ப்பு வந்ததும் அடுத்த மாதமே ‘மனிதாபிமான அடிப்படை’ என்று மாற்றிக்கொண்டது.

#25 தெப்பக்குளம்
பெல்ஜியத்தில் பேறுகால விடுப்பு, சரி. இங்கே கட்டடத் தொழிலாளிக்கே அது ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பெண்ணைத் தண்டிக்கிற 8, 10ஏ, அவளை இடத்தை விட்டு வெளியேற்றுகிற 20, மூன்றும் எனக்கும் வேண்டாம்.

#26 மாசிவீதி
என் ரெண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரலை. காப்பகம்.

#27 ஒத்தக்கடை
அதுதான் இந்தச் சட்டத்தின் குடல். குற்றவாளியாகப் பிடிபட்டால் ஜாமீன் உண்டு. ‘பாதிக்கப்பட்டவர்’ என்று மீட்கப்பட்டால் ஜாமீன் என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் அவள் கைதி இல்லையாம்.

17ஆம் பிரிவின்படி, உரிய மாஜிஸ்திரேட் முன் உடனே நிறுத்த முடியாவிட்டால் அருகில் உள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அந்தப் பாதுகாப்பு 10 நாளைத் தாண்டக் கூடாது. பிறகு வயது, பின்னணி, வீட்டார் தகுதி பற்றி நன்னடத்தை அலுவலர் விசாரணை. அதற்காக வைத்திருப்பது பிடித்த நாளிலிருந்து 3 வாரத்தைத் தாண்டக் கூடாது. அதன் பின் 1 முதல் 3 ஆண்டு வரை காப்பகத்தில் வைக்க உத்தரவிடலாம். முடிவுக்கு உதவ ஐந்து பேர் குழுவை அழைக்கலாம், முடிந்தவரை மூவர் பெண்கள். பல ஆணைகளில் அந்தக் குழுவே இருக்காது. செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு உண்டு.

முதல் நாளே செய்ய வேண்டியது: 18 வயது தாண்டியவர் என்பதற்குச் சான்று, பள்ளிச் சான்றிதழோ ஆதாரோ. இல்லையென்றால் எக்ஸ்ரே எடுத்து வயது பார்ப்பதிலேயே நாள் ஓடிவிடும். அடுத்து, போக விரும்புகிறேன் என்று அவரே கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். அப்பாவோ கணவனோ போட்ட மனு வேண்டாம். அவர்கள் மனு போட்டால் விசாரணை அவர்கள் தகுதியைச் சுற்றிப் போகும். சில சமயம் விற்றவனே மனுவோடு வந்து நிற்பான். 2020 செப்டம்பரில் பம்பாய் ஐகோர்ட் மூன்று பெண்களை விடுவித்தபோது எடுத்துக்கொண்ட அடிப்படை இதுதான்: வயது வந்தவர், இந்தச் சட்டத்தில் விபச்சாரம் என்பதே தனிக் குற்றம் இல்லை, விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைக்கக் காரணம் இல்லை. வக்கீலுக்குக் காசு வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. போன் 15100.

#28 செல்லூர்
வெளியே வந்த பிறகு ஆதார், ரேஷன் கார்டு. முகவரிச் சான்று இல்லைன்னு திருப்பி அனுப்பினா, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத் திட்ட இயக்குநரோ தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போட கெஜட்டட் அதிகாரியோ கொடுக்கிற சான்றிதழை வச்சு ஆதார் குடுக்கணும்னு அந்த 2022 சுப்ரீம் கோர்ட் வழக்குல உத்தரவு. கார்டுலயோ நம்பர்லயோ தொழில் தெரியுற மாதிரி எந்த அடையாளமும் கூடாது.

#29 தெப்பக்குளம்
வக்கீல் சார், ஒரு திருத்தம். 3 வாரம் என்பது பிடித்த நாளிலிருந்து அல்ல, மாஜிஸ்திரேட் விசாரணைக்கு ஆணையிட்ட நாளிலிருந்து. இதை வைத்து ஒரு மனு தப்புத் தேதியில் போய்விடக் கூடாது.

#30 ஒத்தக்கடை
சரிதான், ஆணைத் தேதியிலிருந்து. #27-ஐப் படிப்பவர்கள் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். ஆணை நகலை அன்றைக்கே வாங்கிவிடுங்கள், தேதி முத்திரையோடு.